வடிவா யோசிச்சு: கிங்ஸ்பரியிலிருந்து ஹெமல் பனிச்சரிவு வரை

போன பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லண்டன் கிங்ஸ்பரியிலிருந்து கிளம்பி, ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் என்கிற ஊருக்குப் போய், அங்கே கூரைக்கு அடியில் ஸ்கீ சறுக்குவதற்கென்றே கட்டியிருக்கிற பனிச்சரிவில் இரண்டு மணி நேரம் சறுக்கிவிட்டு, சாயங்காலத்துக்குள் வீடு திரும்பினேன். ஒரு வழித் தூரம் முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது. இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்கிறவர்கள் தாராளமாகக் கேளுங்கள். ஆல்ப்ஸ் மலைக்குப் போக லீவும் வசதியும் இல்லை, ஆனால் ஸ்கீ என்கிற சறுக்குப் பலகையைக் காலில் மாட்டிக்கொண்டு காற்றில் ஒரு சுற்றாவது சுற்றிவிட வேண்டும் என்று ஆசைப்படுகிற நம்மாட்கள் லண்டனில் நாலு பேர் இருக்கிறீர்கள், எனக்கு மெயில் போடுகிறீர்கள். உங்களுக்காகத்தான் எந்த பஸ், எத்தனை மணி, எவ்வளவு காசு என்று எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

நான் அன்றைக்குப் போனது சறுக்குவதற்காக இல்லை. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று அங்கே மயூரி வருவதாக இருந்தது.

மயூரி யாரென்று சொல்லாமல் மேலே போக முடியாது. யாழ்ப்பாணத்துக்காரப் பெண். ஆறு வயதில் அப்பா அம்மாவோடு லண்டன் வந்து, கிங்ஸ்பரியிலேயே வளர்ந்து, பிசியோதெரபி படித்தவள். நான் ஈரோடு. இங்கே ஒரு வங்கியில் மென்பொருள் சோதிக்கிற வேலை. ஆறு வருடத்துக்கு முன்னால், இதே பனிச்சரிவில், வாடகைப் பூட்ஸ் காலில் ஏறாமல் "அட கருமமே, ஏறித் தொலையேன்" என்று நான் பூட்ஸோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து பெஞ்சிலிருந்து ஒரு குரல், "தமிழோ?" என்றது. திரும்பினால் இவள். பூட்ஸின் நாக்கை வெளியே இழுத்துவிட்டு, "இப்ப காலை வையுங்கோ" என்றாள். கால் சர்ரென்று போய்விட்டது. அதிலிருந்து ஐந்து வருடம் மாதத்தில் இரண்டு ஞாயிறு நாங்கள் சேர்ந்துதான் சறுக்கினோம்.

ஃப்ரீஸ்டைல் ஸ்கீ பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சரிவின் பாதியில் பனியைக் குவித்து ஒரு மேடு கட்டியிருப்பார்கள். வேகமாக வந்து அதில் ஏறினால் அது நம்மைக் காற்றில் தூக்கிப் போடும். அந்த ஒரு நொடிக்குள் உடம்பைச் சுழற்றிவிட்டுக் காலில் இறங்க வேண்டும். அரைச் சுற்றுக்கு நூற்றெண்பது என்று பெயர். முழுச் சுற்று முந்நூற்றறுபது. ஒன்றரைச் சுற்று ஐநூற்று நாற்பது, அதில் இறங்கும்போது முதுகு சரிவின் கீழ்ப்பக்கத்தைப் பார்த்திருக்கும், பின்னோக்கிச் சறுக்கியபடிதான் தரையிறங்க வேண்டும். எத்தனை சுற்று என்பதற்குக் 'கடினம்' என்று பெயர். அந்தச் சுற்றைச் சுற்றும்போது எப்படி இருந்தாய், காற்றில் குனிந்து ஸ்கீயை ஒழுங்காகப் பிடித்தாயா, பிடித்ததை எவ்வளவு நேரம் விடாமல் வைத்திருந்தாய், இறங்கும்போது தொப்பென்று விழுந்தாயா இல்லையா என்பதெல்லாம் ஸ்டைல். போட்டியென்றால் இரண்டுக்கும் மார்க் உண்டு. இரண்டில் எது பெரிது என்று ஸ்கீ போடுகிற எந்த இரண்டு பேரைக் கேட்டாலும் சண்டைதான் வரும்.

எங்களுக்கும் வந்தது. நான் எண்ணிக்கை கட்சி. நூற்றெண்பதைவிட முந்நூற்றறுபது பெரிது, இதில் பேச என்ன இருக்கிறது என்பேன். மயூரி ஐந்து வருடமும் நூற்றெண்பதுக்கு மேல் போகவேயில்லை. அதே அரைச் சுற்று, அதே இடது கை, பூட்ஸுக்குக் கீழே ஸ்கீயின் ஓரத்தைப் பிடிப்பாள், தரை வந்துவிட்டது வந்துவிட்டது என்று நாம் கத்தும் வரைக்கும் விடமாட்டாள். இறங்கினால் சத்தமே கேட்காது. "எத்தினை தரம் சுத்தினீங்கள் எண்டதை ஆரும் எண்ணலாம்" என்பாள். "எப்பிடிச் சுத்தினீங்கள் எண்டதைப் பாக்கிறதுக்குத்தான் கண் வேணும்." நான் முந்நூற்றறுபது போட்டுவிட்டுக் கையைக் காலை உதறி ஒருவழியாக நின்றால், "சுத்தினது சரி. வடிவா இல்லை" என்று உதட்டைப் பிதுக்குவாள். எனக்குப் பொசுக்கென்று போகும்.

இந்த 'வடிவு' என்கிற சொல்லைக் கவனியுங்கள். லண்டனுக்கு வந்த புதிதில் எந்த இலங்கைத் தமிழரோடு பழகினாலும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்கிற சொல் இது. வடிவு என்றால் அழகு. வெம்பிளிக் கடையில் "இந்தச் சீலை வடிவா இருக்கு" என்பார்கள். "பிள்ளை நல்ல வடிவு" என்பார்கள். அவ்வளவுதான், எனக்கு அவர்கள் தமிழ் தெரிந்துவிட்டது என்று நானும் தலையை ஆட்டிக்கொண்டு திரிந்தேன். மயூரி வீட்டுக்கு முதல்முறை சாப்பிடப் போனபோது அவள் அம்மா புட்டையும் மீன் குழம்பையும் வைத்துவிட்டு, "வடிவாச் சாப்பிடுங்கோ தம்பி" என்றார். நாகரிகமான குடும்பம் போலிருக்கிறது, அழகாகச் சாப்பிடச் சொல்கிறார் என்று நினைத்து, ஸ்பூன் கேட்டு வாங்கி, உதட்டில் படாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்து, இரண்டாம் தடவை வைக்க வந்ததையும் வேண்டாம் என்றேன். அன்றைக்கு நான் பசியோடுதான் வீடு போனேன். அந்த அம்மாவுக்கு இந்த ஈரோட்டுப் பையனுக்கு நம் சமையல் பிடிக்கவில்லை என்று ரொம்ப நாள் மனக்குறை.

சரி, பயணத்துக்கு வருவோம். வீட்டை விட்டுக் கிளம்பியது ஏழு இருபது. கிங்ஸ்பரி ஸ்டேஷன் வாசலில் 183 பஸ், கட்டணம் ஒன்றேமுக்கால் பவுண்ட். பத்து நிமிடத்தில் கென்டன் ஸ்டேஷன். அங்கே பேக்கர்லூ லைனில் ஒரே ஒரு ஸ்டாப், ஹாரோ அண்ட் வீல்ட்ஸ்டோன். அங்கிருந்து வடக்கே போகிற பெரிய ரயில். ஞாயிற்றுக்கிழமை காலையில் அடிக்கடி ரயில் கிடையாது, முதல் நாளே நேரம் பார்த்துவிடுங்கள். கிழக்கு லண்டன் செவன் கிங்ஸ் பக்கமிருந்து வருகிறவர்கள் எலிசபெத் லைனில் லிவர்பூல் ஸ்ட்ரீட் வந்து, யூஸ்டன் போய், நேராக ஹெமல் ரயிலைப் பிடிப்பது சுலபம். எனக்குப் பெரிய ரயிலுக்குப் போக வரச் சேர்த்து பதினாலு பவுண்டும் சில்லறையும் ஆனது. கையில் இரண்டு ஜோடி சாக்ஸ், கையுறை, ஒரு பாட்டில் தண்ணீர், அம்மா அனுப்பிய முறுக்கு. ஸ்கீ, பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும், சொந்தமாக வாங்க அவசரப்படாதீர்கள்.

ஹாரோ பிளாட்பாரத்தில் இருபத்திரண்டு நிமிடம் குளிரில் நின்றேன். நிற்கும்போது மனசு எங்கே போகும்? அந்தக் கார் பார்க்குக்குத்தான் போனது.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால், ஆகஸ்டில், அதே பனிச்சரிவின் கார் பார்க்கில் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே மயூரியைக் கேட்டுவிட்டேன். முன்கூட்டி ஒன்றும் யோசிக்கவில்லை. "நாம கல்யாணம் பண்ணிக்கலாமாங்க?" அவ்வளவுதான் வாயில் வந்தது. குனிந்தபடியே கேட்டேன், அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவள் தோளிலிருந்த பையைக் கீழே வைத்தாள். பிறகு சிரித்த முகத்தோடு, "வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றாள்.

எனக்கு எப்படி விளங்கியது என்று பாருங்கள். நீ கேட்ட விதம் அழகாக இல்லை. ஷூ கட்டிக்கொண்டா ஒரு பெண்ணைக் கேட்பாய்? அழகாக யோசித்து, அழகாக வந்து சொல்லு. ஐந்து வருடமாக ஸ்டைல் ஸ்டைல் என்று உயிரை விடுகிறவள் வேறென்ன சொல்லுவாள்? சரியாகத்தான் கேட்கிறாள் என்று எனக்கு உள்ளுக்குள் குஷி. அழகாகச் சொல்வதற்கு ஒரு திட்டம் போட்டேன். அவள் கண் முன்னால் ஐநூற்று நாற்பது போட்டு, பின்னோக்கிச் சறுக்கியபடியே அவள் பக்கத்தில் வந்து நின்று, திரும்பிக் கேட்பது. அழகாகச் சொல்லச் சொன்னாள் என்று நினைத்தவன், அழகு என்றால் இன்னும் அரைச் சுற்று கூடுதல் என்றுதான் நினைத்திருக்கிறேன் பாருங்கள். அந்த மண்டையை என்ன செய்வது!

நாலு மாதம் வியாழக்கிழமை தோறும் ஆபீஸ் முடிந்து வேறொரு ஊர்ச் சரிவுக்கு அவளுக்குத் தெரியாமல் போய்ப் பழகினேன். இடுப்பு வீங்கியது, மணிக்கட்டு பிசகியது. நடுவில் இரண்டு தடவை அவளே கேட்டாள், "யோசிச்சிட்டீங்களோ?" என்று. நான் ரகசியம் வைத்திருக்கிற சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டே, "இன்னும் இல்லைங்க, கொஞ்சம் டைம் குடுங்க" என்றேன். இரண்டாவது தடவை அவள் திரும்பச் சிரிக்கவில்லை. அதைக்கூட நான் கவனிக்கவில்லை. டிசம்பரில் கனடாவில் கல்கரி நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்துவிட்டது, போகிறேன் என்றாள். போகிற அன்று ஒரு மெசேஜ் வந்தது: "எனக்கு விளங்குது. பரவாயில்லை. சந்தோசமா இருங்கோ." எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோபம்தான் வந்தது. ஒரு ஐநூற்று நாற்பதுக்குப் பொறுக்க முடியாதவளா என்று வீம்பு பிடித்து, நானும் 'சரி' என்று ஒற்றைச் சொல் அனுப்பிவிட்டு இருந்துவிட்டேன். வீம்பு ஒரு மாதம் இருந்திருக்கும். அதற்குப் பிறகு ஒரு வருடமாக ஏக்கம்தான். அவள் இல்லாத ஞாயிறு ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம் என்று எனக்குத்தான் தெரியும்.

தை மாதத்தில் மயூரியின் தங்கைக்குக் கல்யாணம், அதற்கு அவள் இரண்டு வாரம் லண்டன் வருகிறாள் என்று எங்கள் ஸ்கீ குழுவின் வாட்ஸப்பில் செய்தி வந்தது. ஞாயிறு காலை குழுவுக்குள்ளேயே ஒரு சின்னப் போட்டி, மூன்று நடுவர்களில் ஒருத்தி அவள் என்றும் வந்தது. ஐநூற்று நாற்பது எனக்கு அதற்குள் பத்துக்கு நாலு தடவை வரும். இப்போதாவது போட்டுக் காட்டிக் கேட்டுவிடுவது என்றுதான் கிளம்பினேன். ரயிலில் இருபத்தைந்து நிமிடமும் எப்படிக் கேட்பது என்றுதான் வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். எதிர் சீட்டு வெள்ளைக்காரப் பெண்மணி வேறு சீட்டுக்கு மாறிவிட்டார்.

ஹெமல் ஸ்டேஷனில் இறங்கியபோது எட்டு ஐம்பத்தைந்து. சரிவு அங்கிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல். பஸ் உண்டு, ஆனால் ஞாயிற்றுக்கிழமை நம்ப வேண்டாம். டாக்ஸிதான், எனக்கு ஒன்பது பவுண்ட் ஆனது. முதல் வண்டியில் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, "தம்பி தமிழோ?" என்றார். ஐம்பது ஐம்பத்தைந்து வயது, யாழ்ப்பாணத்துக்காரர், இந்த ஊரில் இருபது வருடமாக ஓட்டுகிறாராம்.

"பெல்ட்டை வடிவாப் போடுங்கோ" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். "பெல்ட்டை எப்படிங்ண்ணா அழகா போடுறது?"

அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை, வண்டியை எடுத்துவிட்டார். ஸ்டேஷனிலிருந்து சரிவுக்குப் போகிற வழியில் இந்த ஊரின் பேர்போன ரவுண்டபவுட் வரும். நடுவில் ஒரு பெரிய வட்டம், அதைச் சுற்றி ஆறு குட்டி வட்டங்கள். பெரிய வட்டத்தை இந்தப் பக்கமும் சுற்றலாம், அந்தப் பக்கமும் சுற்றலாம். கார் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் தெய்வத்தை வேண்டிக்கொண்டு நுழையுங்கள். அதன் வாயில் நிறுத்திவிட்டு டிரைவர் அண்ணை சொன்னார், "இதுக்குள்ள வடிவாப் பாத்துத்தான் போகோணும். பாக்காமல் போன கனக்கப் பேர் முட்டுப்பட்டிருக்கினம்."

"அழகா பார்க்கணுமா?" என்றேன் மறுபடியும், விளையாட்டாக.

"அழகாவோ? என்ன தம்பி நீங்கள்? கவனமாப் பாக்கிறது. நல்லாப் பாக்கிறது. பெல்ட்டை வடிவாப் போடுங்கோ எண்டால் ஒழுங்காப் போடுங்கோ எண்டு. வடிவாச் சாப்பிடுங்கோ எண்டால் வயிறு நிறையச் சாப்பிடுங்கோ எண்டு. இந்தியாவில அப்பிடிச் சொல்லுறேல்லையோ?"

புட்டுத் தட்டு ஞாபகம் வந்தது. "வடிவா இல்லை" என்று ஐந்து வருடம் கேட்டது ஞாபகம் வந்தது. ஒழுங்காக இறங்கவில்லை, முழுசாகச் செய்யவில்லை, விழுந்து உடைத்துக்கொள்ளப் போகிறாய் என்றுதான் சொல்லியிருக்கிறாள். எனக்கு அழகு வேறு, ஒழுங்கு வேறு. அவளுக்கு இரண்டுக்கும் ஒரே சொல்தான் இருந்திருக்கிறது. அவள் அந்த ஒரே அரைச் சுற்றை ஐந்து வருடமாகப் போட்டதும் அதனால்தான் போலிருக்கிறது.

"அண்ணா, வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோன்னா?"

"ஆற அமர யோசிச்சு ஒரு முடிவைச் சொல்லுங்கோ எண்டுதான். வேற என்ன?" கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். "ஆர் சொன்னது?"

"ஒரு பொண்ணுங்ண்ணா. கல்யாணம் பண்ணிக்கலாமான்னு நான் கேட்டேன். அதுக்குச் சொன்னாங்க."

"எப்ப?"

"ஒன்றரை வருஷம் ஆச்சு."

அவர் இரண்டு குட்டி வட்டத்தைத் தாண்டினார். "நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"கொஞ்சம் டைம் குடுங்கன்னேன்."

"ஐயோ கடவுளே" என்றார். "அந்தப் பிள்ளை இப்ப எங்க?"

"அங்கதாங்ண்ணா, நாம போற இடத்துல."

அவர் வண்டியை அழுத்தினார். இறக்கிவிடும்போது மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டு நின்ற என்னை, "காசு கிடக்கட்டும், ஓடுங்கோ தம்பி" என்று விரட்டினார்.

ஓடினேன். ஆனால் பனிச்சரிவில் ஓடி ஒன்றும் ஆகாது. உடம்புச் சரிபார்ப்புப் படிவம், வாடகை வரிசை, பூட்ஸ், லாக்கர் என்று அரை மணி நேரம் பிடிக்கும், பத்து மணி அமர்வுக்கு ஒன்பதேகாலுக்கே வந்துவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு வாடகையோடு சேர்த்து நான் கட்டியது நாற்பத்தாறு பவுண்ட். முதல்முறை வருகிறவர்களை மேட்டுப் பக்கம் விடமாட்டார்கள், குறைந்தது நாலைந்து பாடம் எடுத்து, திரும்பவும் நிறுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே எப்போதும் பூஜ்ஜியத்துக்குக் கீழேதான். பனி நிஜப் பனி. வெளியில் எந்தக் காலமாக இருந்தாலும் உள்ளே அதே குளிர், அதே வெள்ளை, விளக்கு வெளிச்சம்.

நான் பூட்ஸை மாட்டி உள்ளே போனபோது மயூரி ஏற்கெனவே மேட்டுக்குப் பக்கத்தில் நடுவர் இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். நீல ஜாக்கெட், கையில் அட்டை, பென்சில். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். ஒரு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன். நானும் கையைத் தூக்கினேன். அதே ஆள், முடியை மட்டும் கொஞ்சம் குட்டையாக வெட்டியிருந்தாள். பேசப் போக முடியவில்லை, போட்டி தொடங்கிவிட்டது.

ஆளுக்கு இரண்டு தாவல். கடினத்துக்குப் பத்து, ஸ்டைலுக்குப் பத்து. என் பெயர் ஏழாவது. மேலே நின்றபோது ஐநூற்று நாற்பது வேண்டாம், நேராகச் சறுக்கிப் போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் பட்டது. ஆனால் பெயரைக் கூப்பிட்டதும் உடம்பு பழகியதைச் செய்துவிட்டது. மேட்டில் ஏறினேன், சுற்றினேன், கை ஸ்கீயைத் தேடியது, கிடைக்கவில்லை, ஒன்றரைச் சுற்று முடிந்து முதுகு காட்டி இறங்கி, ஒரு கையைப் பனியில் ஊன்றித் தடவிக்கொண்டே கீழே போய் நின்றேன். குழுவில் இரண்டு பேர் கூச்சல் போட்டார்கள். அவர்களுக்கு நான் ஒன்றரைச் சுற்று போட்டதே அதிசயம். எனக்கு அது ஒரு சுவரைத் தாண்டிக் குதித்த மாதிரிதான் இருந்தது.

இரண்டாவது தாவலுக்கு என் முறை வந்தபோது மேட்டில் ஏறவில்லை. ஓரமாக மெல்லச் சறுக்கி அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"என்ன, பாயேல்லையோ?" என்றாள்.

"மயூரி, நான் யோசிச்சிட்டேங்க."

"என்னத்தை?"

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோன்னு சொன்னீங்களே. எனக்கு அதோட அர்த்தம் இன்னிக்குக் காலையில டாக்ஸிலதாங்க தெரிஞ்சது. நான் கேட்டது அழகா இல்ல, அழகா யோசிச்சு வந்து கேளுன்னு சொல்றீங்கன்னு நினைச்சிட்டேன். அதுக்குத்தான் டைம் கேட்டேன். இந்த ஐநூத்தி நாப்பது அதுக்குத்தான். பதில் எப்பவும் ஆமாதாங்க. கேட்டதே நான்தானே!"

அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். என்னைப் பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்தது அவளுக்கு, வாயைக் கையுறையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் சிரித்தோம். நடுவில் எப்போது என்று தெரியாது, அவள் சிரிப்பது நின்று கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"பொறுங்கோ, அடுத்த ஆள் வருது" என்று கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். பச்சை ஜாக்கெட் போட்ட ஒருவர் முந்நூற்றறுபது போட்டார். அவருக்கு அவள் என்ன மார்க் போட்டாள் என்று பார்த்தேன். ஒன்றும் போடவில்லை, பென்சில் அட்டையின் மேல் அப்படியே நின்றது.

பன்னிரண்டு மணிக்கு முடிந்தது. மேலே கண்ணாடி வழியாகச் சரிவைப் பார்த்தபடி உட்காருகிற மாதிரி ஒரு காபிக் கடை இருக்கிறது, டீ சுமார், கேக் பரவாயில்லை. இரண்டு டீ வாங்கி வந்தேன். மயூரி கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள்.

"உங்கட அம்மா ஈரோட்டில தனிய" என்றாள். "நான் வேற நாட்டுப் பிள்ளை. சப்பாத்துக் கட்டிக்கொண்டு அவசரத்தில கேட்டுட்டுப் பிறகு நீங்கள் கஷ்டப்படக் கூடாது எண்டுதான் யோசிக்கச் சொன்னனான். எனக்கு யோசிக்க ஒண்டும் இருக்கேல்லை. ஓம் எண்டு வாய் வரைக்கும் வந்தது."

நான் என் டீயைக் கீழே வைத்தேன்.

"நாலு மாசம் பாத்துக்கொண்டிருந்தனான். ரெண்டு தரம் கேட்டனான். நீங்கள் சிரிச்சனீங்கள். விருப்பமில்லாத ஆளை எத்தினை தரம் கேக்கிறது?"

"இப்ப கேட்டா?"

அவள் கீழே சரிவைப் பார்த்தாள். யாரோ இயந்திரத்தை வைத்து மேட்டைச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்கள். "கல்கரியில ஒருத்தர். நல்ல மனுசன். போன மாசம் கேட்டவர். ஓம் எண்டிட்டன்."

"யோசிச்சீங்களா?"

"ஓம்" என்றாள். "அந்த முறை யோசிச்சனான்."

எனக்கு அழுகை வந்தது, அழுதேன். பக்கத்து மேசையில் பிறந்தநாள் கேக் வெட்டிக்கொண்டிருந்த குடும்பம் திரும்பிப் பார்த்தது, பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவள் மேசையில் கிடந்த டிஷ்யூவை என் பக்கம் தள்ளிவிட்டு, கையை எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தாள். நானும் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. பிடிக்கலாமா என்று தெரியவில்லை.

மார்க் விவரம் கேட்கிறவர்களுக்கு: மூன்று நடுவர் சராசரியில் எனக்குக் கடினத்துக்கு எட்டு, ஸ்டைலுக்கு மூன்று. அவள் தனியாகப் போட்டது ஸ்டைலுக்கு இரண்டு. நியாயமான மார்க்தான். கற்றுக்கொள்ளப் போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான். சுற்றைக் கூட்ட அவசரப்படாதீர்கள். ஒரு நூற்றெண்பதை எடுத்துக்கொண்டு, ஸ்கீயைப் பிடித்த கையை விடாமல், சத்தமில்லாமல் இறங்க வரும் வரைக்கும் அதையே போடுங்கள். எனக்கு அந்த நூற்றெண்பது இன்றைக்கும் ஒழுங்காக வராது. இன்னொன்று, நமக்குத் தெரிந்த சொல்தானே என்று விட்டுவிடாதீர்கள். ஈரோட்டுக்காரனும் யாழ்ப்பாணத்துக்காரியும் பேசுவது ஒரே பாஷைதான், ஆனாலும் ஒரு தடவை "என்ன அர்த்தம்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மூன்று நொடி ஆகும்.

திரும்பும் வழியைப் பற்றி. அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் ரயில் பாதையில் வேலை நடந்தது, ரயிலுக்குப் பதில் வாட்ஃபர்ட் வரைக்கும் பஸ் விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இது அடிக்கடி நடக்கும். ஸ்டேஷனுக்கு வெளியே முப்பத்தைந்து நிமிடம் நின்று பஸ் ஏறி, வாட்ஃபர்டில் மாறி, ஹாரோவில் மாறி, வீடு வந்து சேர ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனது. கார் இருந்தால் அதே தூரம் நாற்பது நிமிடம்தான்.

கார் இருந்தது. மயூரியைக் கூட்டிப் போக அவள் தங்கை வந்திருந்தாள், பின் சீட்டில் கல்யாணச் சாமான்கள், அதற்கு நடுவில் ஒரு ஆள் உட்கார இடம். மயூரி முன் கதவைத் திறந்துவிட்டு, பிறகு அதை மூடி, பின் கதவைத் திறந்து சாமான்களைத் தள்ளி வைத்தாள். பின்னால் இரண்டு பேர் உட்காருகிற மாதிரி. "நாங்களும் கிங்ஸ்பரிக்குத்தான். வாறீங்களோ?" என்றாள்.

நாற்பது நிமிடம் அவள் பக்கத்தில். பேசாவிட்டாலும் பரவாயில்லை, சும்மா பக்கத்தில். ஆனால் என்ன பேசுவது, தங்கை என்ன நினைப்பாள், இறங்கும்போது எப்படி இறங்குவது என்று எனக்கு மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காற்று குளிராக அடித்தது. தங்கை ஒரு தடவை ஹாரனைத் தொட்டாள். "சரி, அப்ப போட்டு வாறன்" என்று மயூரி ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கார் திரும்பி, ரோட்டில் இறங்கி, முதல் ரவுண்டபவுட்டுக்குள் போனது.

ஆகவே, ஹெமலிலிருந்து திரும்பும்போது யாராவது காரில் இடம் இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டால், உடனே ஏறிவிடுங்கள். நான் வருகிறேன் என்று சொல்லத்தான் இருந்தேன், இன்னும் யோசித்துக்கொண்டு நின்றேன்.